மணலிச் சாலையும் இரு சின்னசாமிகளும்

மாதவரத்திலிருந்து மணலிக்குச் செல்லும் சாலை கண்ணுக்கு இனிய சாலை அன்று. வடக்கே ஆந்திரத்துப் பேருந்துகள் புறப்படும் நிலையமும், பால்பண்ணையும், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மரங்களும் பின்தங்கிய பிறகு, சரக்குக் கிடங்குகளின் நீண்ட மதில்கள் தொடங்குகின்றன. பெட்டக லாரிகள் துறைமுகத்தின் முறைக்காக வரிசையாய் நிற்கின்றன. ஓட்டுநர்கள் சக்கரங்களின் நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடிக்கின்றனர். சிறிது தூரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரிகிறது; இரவில் வருவோருக்கு அதன் உச்சியில் எரியும் சுடரே வழிகாட்டும் விளக்கு. 1965ஆம் ஆண்டில் மதராஸ் ரிஃபைனரீஸ் என்னும் பெயரில் தோன்றிய அந்நிறுவனமும், அதனை அடுத்து எழுந்த உர ஆலையும் மணலி என்ற பெயருக்கே புதுப்பொருள் கொடுத்துவிட்டன. இன்று மணலி என்றால் எண்ணெய், உரம், வாடை. 2011ஆம் ஆண்டில் மாதவரமும் மணலியும் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. நான்கைந்து கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்வூர்கள் மூன்றும் இன்று ஒரே நகரத்தின் மூன்று மண்டலங்கள்.

இந்த மணலிக்குச் சங்கீத உலகில் ஒரு பழைய மேன்மை உண்டு என்றால் நம் பங்கு இளைஞர்கள் நம்ப மறுக்கின்றனர். கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் தம் இளமையின் பெரும்பகுதியைக் கழித்த ஊர் இது. கிறிஸ்தவப் பாடகர் குழுக்கள் பலவற்றில் இன்று ஒலிக்கும் வயலின், தமிழர் சங்கீதத்துக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்றும் இந்த ஊரே. சென்ற மாதம் நம் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவரும், முதிய உபதேசியார் ஒருவரும் உடன்வர, நாம் திருவொற்றியூர் வரை சென்று, அங்கிருந்து மணலி வழியே மாதவரம் திரும்பினோம். கலைஞன் பட்ட துன்பத்தை அறிந்து கேட்பதால் அவனுடைய பாட்டு நமக்கு வேறாகிறதா, இல்லையா? வழியெல்லாம் எங்களிடையே நடந்த வாதம் இதுவே.

வாதத்தைத் தொடங்கி வைத்தவர் ஆர்மோனியக்காரர். "பாட்டு நல்ல பாட்டா இருந்தா போதும் சாமி. பாடினவர் பசியோட பாடினாரா, சாப்பிட்டுட்டுப் பாடினாரான்னு நமக்கு எதுக்கு?" என்றார். உபதேசியார் விடவில்லை. "பசியோட பாடினவர் பாட்டுலதான் தம்பி உசிரு இருக்கும்" என்றார் அவர். இருவருக்கும் நடுவில் அமர்ந்திருந்த நாம் உடனே தீர்ப்புக் கூறவில்லை.

திருவொற்றியூர்க் கோயிலுக்குச் செல்வோர் அங்கே மகிழ மரம் ஒன்றைக் காண்பர். எட்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் சுந்தரர் இவ்வூரில் சங்கிலியார் என்னும் பெண்ணை மணந்தபோது, உன்னைப் பிரிந்து செல்லேன் என்று மகிழின் அடியில் சத்தியம் செய்து கொடுத்தாராம். மாசித் திருவிழாவில் 'மகிழடி சேவை' என்று அந்த நிகழ்ச்சியை இன்றும் கொண்டாடுகின்றனர். ஆனால் திருவாரூரின் நினைவு அவரை விடவில்லை. சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. வடதிருமுல்லைவாயில், திருவெண்பாக்கம் என்று தடுமாறிச் சென்றவருக்கு வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன. பழைய வெண்பாக்கம் இருந்த இடத்தை 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் மூடிக்கொண்டது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினர். நாம் குடிக்கும் தண்ணீர் அந்த ஊரின் மேல் நிற்கிறது.

திருவொற்றியூரிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு நேர்கோடு ஒன்று இழுத்தால் அது மாதவரத்தை ஒட்டியே செல்லும். கண்ணிழந்த அந்தப் பாடகர் நம் ஊர் வழியாகத்தான் நடந்திருக்க வேண்டும் என்று உபதேசியார் உறுதியாகச் சொன்னார். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஒப்புவரோ மாட்டாரோ, பூகோளம் அவர் பக்கம் இருக்கிறது.

வழிநெடுக அவர் பாடிய பதிகங்களில் இறைவனிடம் அழுகை உண்டு, வழக்காடல் உண்டு, கோபமும் உண்டு. தோழனிடம் சண்டையிடுவது போன்ற அந்தத் தொனியைக் கதையறியாத ஒருவன் கேட்டால், பக்தருக்கு இத்தனை துணிவா என்று வியப்பான். கதையறிந்தவன் கேட்டால், கண் தெரியாத மனிதர் ஒருவர் இருட்டில் கையை நீட்டித் துழாவுவதைக் கேட்பான். இங்கே உபதேசியார் வென்றார் என்றே நாம் கருதினோம்.

நம் திருமறையிலும் இதற்கு ஒப்பு உண்டு. திருப்பாடல்கள் என்று இன்று நாம் கூறும் சங்கீதங்களுள் பலவற்றுக்கு மேலே சிறு தலைப்புக் குறிப்பு இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். மூன்றாம் திருப்பாடல், தாவீது தம் மகன் அப்சலோமுக்கு அஞ்சி ஓடியபோது பாடியது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஐம்பத்தொன்றாவது (பழைய இலத்தீன் எண்ணிக்கைப்படி ஐம்பதாவது), பத்சேபாவின் பொருட்டுச் செய்த பாவத்தை நாத்தான் இறைவாக்கினர் இடித்துரைத்த பின் பாடியது. இக்குறிப்புகள் பாடல்களோடு பிறந்தவை அல்ல, பிற்காலத்தில் தொகுத்தோர் சேர்த்தவை என்பது மறைநூல் அறிஞர் பலரின் கருத்து. இஃது உண்மையானால் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று கிடைக்கிறது. பாட்டைக் கேட்ட தலைமுறைகளே, இதைப் பாடியவன் எந்த நேரத்தில் பாடியிருப்பான் என்று தேடி, அவன் வாழ்விலிருந்து ஒரு துன்பத்தை எடுத்துப் பாட்டின் தலையில் சூட்டியிருக்கிறார்கள். பாட்டுக்குக் கதை வேண்டும் என்று கேட்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று.

இனி மணலி. பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையிலிருந்த ஆங்கிலேயருக்கும் ஊராருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வாணிக முகவராகவும் இருந்தோரை துபாஷ் என்று அழைத்தனர். கவர்னர் பிகட் துரைக்குத் துபாஷாக இருந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். சென்னைப் பூக்கடைப் பகுதியிலுள்ள பட்டணம் கோயிலை மீண்டும் எழுப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் திருவாரூருக்குச் சென்றபோது இராமசாமி தீட்சிதரின் பாட்டில் உள்ளம் பறிகொடுத்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்தார். அவருக்குப் பின் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். இராமசாமி தீட்சிதர் இவ்வள்ளலைச் சிறப்பித்து நூற்றெட்டு இராகங்களும் தாளங்களும் கோத்த மாலிகை ஒன்றை இயற்றினார். அதில் ஒரு பகுதியே இன்று கிடைக்கிறது. ஹம்ஸத்வனி இராகத்தை உலகுக்குத் தந்தவரும் இவரே என்பர்.

இவருக்கு ஆண்மக்கள் மூவர்: முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி. நெடுநாள் பிள்ளையின்றி வைத்தீசுவரன் கோயிலில் விரதமிருந்து பெற்ற மூத்த மகனுக்கு அவ்வூர் முத்துக்குமாரசாமியின் பெயரையே இட்டார். இரண்டாம் மகன் சின்னசாமிக்குக் கண்ணொளி மங்கியபோது, குடும்பத்தோடு திருப்பதி சென்று தங்கி, நீண்ட இராகமாலிகை ஒன்றை இயற்றிப் பாடினார் என்றும், பிள்ளைக்குப் பார்வை திரும்பியது என்றும் அக்குடும்ப வரலாறு கூறுகிறது. புதுமை நடந்ததா என்று ஆராய்வது நம் வேலையன்று. தகப்பன் ஒருவன் வைத்தியனிடம் கொண்டுசெல்லும் அதே அவசரத்தோடு தன் வித்தையையும் கொண்டுசென்றான் என்பதே நம்மைத் தொட்டது. நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே ஜெபமாலையை உருட்டியவர்களுக்கு இது விளங்கும்.

மணலியிலிருந்து கோட்டை அதிக தூரமில்லை. முதலியாருடன் அங்கே சென்றபோது சிப்பாய்களின் வாத்தியக் குழு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளை இளம் சகோதரர்கள் கேட்டனர். பாலுசாமி, முதலியாரின் ஆதரவால் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். முத்துசாமியோ அந்த மெட்டுகளில் சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று பெயர்பெற்ற இவை ஏறத்தாழ 40 உள்ளன. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் அடங்குபவை. நம் ஆர்மோனியக்காரர் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடுவார். ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டில் அம்மனைப் பாடும் ஒன்றும் அவற்றுள் உண்டு! சிப்பாய்கள் அதற்கு நிமிர்ந்து நின்றிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் இப்பாடல்களைக் கேட்கும்போது எவ்விதத் துயரமும் நமக்குத் தோன்றுவதில்லை. புதிய ஒலி ஒன்றைக் கேட்டுக் கண்கள் விரிந்த இளைஞன் ஒருவனே தோன்றுகிறான்.

பின்னர் அந்த இளைஞர் சிதம்பரநாத யோகி என்னும் துறவியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். குருவைக் கங்கையில் இழந்து தனியே திரும்பினார். கையில் ஒரு வீணை இருந்தது. திருத்தணியில் முதற் கீர்த்தனை பிறந்தது. காஞ்சியிலும் பின்பு திருவாரூரிலும் வாழ்ந்தார். தகப்பனார் 1817இல் மறைந்தார். வள்ளலைப் பாடிய தந்தையின் மகன், மனிதரைப் பாடுவதில்லை என்று உறுதி கொண்டார். வறுமை வீட்டுக்குள் வந்தது. தஞ்சை அரசரைப் பாடினால் பொன் கிடைக்குமே என்று மனைவி குறிப்பால் உணர்த்தியபோது, செல்வத்துக்கு உரிய தெய்வத்தையே லலிதா இராகத்தில் பாடினாராம். மற்றொரு நாள் அரிசி முதலாக வீட்டில் ஒன்றுமில்லை. மாணவி ஒருத்தி தன் வளையலை அடகு வைக்க முன்வந்தாள். அதைத் தடுத்துவிட்டு, திருவாரூர்த் தியாகராசர்மேல் யதுகுலகாம்போதியில் பாடினார். அதிகாரி ஒருவரின் வருகைக்காகச் சேர்த்த பண்டங்கள், அவர் வராமற்போனதால், இவர் வாசலில் வந்து இறங்கின என்பது கதை.

உபதேசியார் கண் கலங்கினார். ஆர்மோனியக்காரர் மட்டும், "இந்தக் கதை தெரியாம பத்து வருஷமா அந்த யதுகுலகாம்போதியைக் கேட்கிறேன் சாமி. அப்பவும் இதே மாதிரிதான் நெஞ்சை இழுத்துச்சு" என்றார். இதை நாம் எளிதில் தள்ள முடியவில்லை. தியாகராச சுவாமிகளின் கீர்த்தனைகளில் அவருடைய மனக்குறையும் மன்றாட்டும் சொல்லிலேயே இருக்கின்றன. தீட்சிதர் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய சாகித்தியத்தில் தெய்வத்தின் திருநாமங்கள், தலத்தின் சிறப்பு, இராகத்தின் பெயர், 'குருகுஹ' என்னும் முத்திரை ஆகியவை இருக்கும். 'நான் பசித்தேன்' என்று அவர் எங்கும் கூறுவதில்லை. விளம்ப காலத்தில், வீணையின் கமகங்களோடு, பெரிய தேர் திரும்புவது போல அவர் பாட்டுகள் நகர்கின்றன. தம்மை முற்றிலும் மறைத்துக்கொண்ட ஒருவரின் இசை அது. அப்படிப்பட்டவர் பாட்டில் அவர் பசியைக் கேட்கிறோம் என்றால், அது பாட்டிலிருந்து வருகிறதா, நம் நெஞ்சிலிருந்து வருகிறதா?

ஐரோப்பிய மேதை பீத்தோவன் செவித்திறனை இழந்து வருவதை உணர்ந்து, 1802 அக்டோபரில் ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரிலிருந்து தம் சகோதரருக்கு ஓர் உருக்கமான மடல் எழுதினார். அதை அனுப்பவே இல்லை. 1827இல் அவர் இறந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. அதே காலத்தில் அவர் இயற்றி முடித்த இரண்டாம் சிம்பொனியோ களிப்பு மிகுந்தது. அழுதுகொண்டிருந்தவன் அழுகையைத்தான் எழுதுவான் என்று நினைப்பது கலையை அறியாதவர் நினைப்பு. மறுபுறத்தில், நம்மவரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த பஞ்சத்தைக் கண்ணால் கண்டு, பட்டினி கிடந்த மக்களுக்காக அவர் பாடிய கீர்த்தனைகளில் அந்தத் துன்பம் வெளிப்படையாகவே நிற்கிறது. ஆகவே ஒரே விதி எல்லார்க்கும் பொருந்துவதில்லை. சிலர் காயத்தைக் காட்டிப் பாடுவர்; சிலர் அதன்மேல் பட்டாடை போர்த்திப் பாடுவர்.

ஆனாலும் தீட்சிதர் வாழ்வின் கடைசிப் பகுதியை அறிந்தபின், ஆர்மோனியக்காரர் சொல்வதுபோல ஒன்றும் அறியாதவராய் நம்மால் அவரைக் கேட்க முடியவில்லை. தம்பியர் இருவரும் பிழைப்புத் தேடி மதுரை சென்றனர். கண்ணொளி திரும்பப் பெற்ற அந்தச் சின்னசாமி 1823ஆம் ஆண்டில் அங்கே காலமானார். துக்கம் தாங்காத பாலுசாமி இராமேசுவர யாத்திரை சென்று, பின் எட்டயபுரம் சமஸ்தானத்தை அடைந்தார். செய்தி தாமதமாகவே திருவாரூருக்கு எட்டியது. ஒரு தம்பியை இழந்து, மற்றொரு தம்பியைத் தேடி, முதுமையை நெருங்கிய முத்துசாமி மதுரைக்கு வந்தார். அங்கிருந்து எட்டயபுரத்துக்கு நடந்தார். வழியில் வானம் பொய்த்து வெடித்துக் கிடந்த கரிசல் நிலத்தைக் கண்டு, அமிர்தவர்ஷிணி இராகத்தில் மழை வேண்டிப் பாடினார், மழை பொழிந்தது என்பது நாடறிந்த கதை. மழையைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். தம்பியின் சாவுக்குப்பின், உயிரோடிருக்கும் தம்பியைத் தேடிச் செல்லும் வழியில் அது பாடப்பட்டது என்பதை யாரும் நினைப்பதில்லை. தம் வீட்டில் சாவு விழுந்திருக்க, ஊரார் வயலுக்குத் தண்ணீர் கேட்ட மனிதர் அவர். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மாணவர்கள் மீனாட்சியம்மனைப் பற்றிய அவருடைய கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது. சமாதி அங்கேயே இருக்கிறது.

இந்தச் செய்திகள் எல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தன? பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) எழுதிவைத்ததனால் கிடைத்தன. பாலுசாமி 1859 வரை வாழ்ந்தவர்; ஆதலால் பேரன் இக்கதைகளை இளமையில் நேரில் கேட்டிருக்க இயலும். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலில் அவர் வரலாற்றையும், இருநூறுக்கும் மேற்பட்ட தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடும் தந்தார். தெலுங்கு எழுத்தில் வந்த அந்நூலைப் பிற்காலத்தில் சென்னை மியூசிக் அகாதமி தமிழ் எழுத்தில் ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. இதெல்லாம் சங்கீத வித்துவான்கள் அறிந்ததே. அந்நூல் பிறக்கக் காரணமாயிருந்த ஒரு கத்தோலிக்கரை நம் பங்குகளில் எத்தனை பேர் அறிவர்? நாம் மணலிக்குச் செல்ல விரும்பியதற்கு உண்மைக் காரணம் அவரே. அவர் பெயரும் சின்னசாமி.

ஏ. எம். சின்னசாமி முதலியார் எம்.ஏ. பட்டம் பெற்றவர், சென்னை அரசாங்கச் செயலகத்தில் மேற்பார்வையாளராகப் பதவி வகித்தவர். மேலைச் சங்கீதத்தைக் கோடுகளிலும் புள்ளிகளிலும் எழுதும் முறையில் தேர்ந்தவர். நம் நாட்டுக் கீர்த்தனைகள் குருவின் வாயிலிருந்து சீடன் செவிக்குச் செல்லும்போதே தேய்ந்துவருவதை அவர் கண்டார். இவற்றை ஐரோப்பிய முறையில் எழுதி அச்சிட்டுவிட்டால், உலகெங்கும் உள்ளோர் படிப்பர், நம் பேரப்பிள்ளைகளுக்கும் அவை கெடாமல் கிடைக்கும் என்று எண்ணினார். தியாகராசரின் நேர்ச்சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரைப் பாடச்செய்து கீர்த்தனைகளை எழுதினார். தீட்சிதர் பாடல்களுக்காகச் சுப்பராம தீட்சிதரை நாடினார். 1892 முதல் 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்ற பெயரில் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அதை அச்சிட்ட அச்சகத்தின் பெயர் 'ஆவே மரியா'. இந்துக் கீர்த்தனைகளை அன்னையின் பெயர் தாங்கிய அச்சகத்தில் அச்சிட்ட அந்த நெஞ்சின் விரிவை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைக் குறித்து ஏடு வெளியிட்டது 1965இல்!

சுரக்குறிப்பை எழுதிப் பார்த்தவர்களுக்கே அந்த வேலையின் கொடுமை தெரியும். பாடகர் ஒருமுறை பாடுவார்; கமகம் ஒன்று நழுவும்; மீண்டும் பாடச் சொல்ல வேண்டும்; சற்றே மாற்றிப் பாடுவார்; எது சரி என்று கேட்க வேண்டும். பிறகு அச்சுக்கோப்பவருக்கு அதைப் புரியவைக்க வேண்டும். புள்ளி ஒரு கோடு மேலேறினால் இராகமே மாறிப்போகும். இரவுகளில் எண்ணெய் விளக்கின் கீழே இந்த நுண்ணிய புள்ளிகளைத் திருத்தித் திருத்தி அவர் கண்கள் கெட்டன. சந்தா கொடுப்போர் போதிய அளவில் சேரவில்லை. சொந்தப் பணம் கரைந்தது, உடலும் நலிந்தது. வெளியீடு நின்றது.

தோல்வியுற்ற மனிதர் அங்கேயே நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. 1899ஆம் ஆண்டில், மங்கிய கண்களோடு எட்டயபுரத்துக்குப் பயணம் சென்று, சுப்பராம தீட்சிதரிடம் உள்ளவற்றை எல்லாம் நூலாக்கவேண்டும் என்று சமஸ்தானத்து அரசரிடம் எடுத்துரைத்தார். குடும்பச் சொத்தாகப் போற்றிவந்த பாடல்களையும் அவற்றின் நுட்பங்களையும் வெளியிடச் சுப்பராமர் முதலில் தயங்கினார். அரசரின் விருப்பமும் முதலியாரின் மன்றாட்டும் சேர்ந்து அவரை இசையவைத்தன. கமகங்களைக் காட்ட எந்த அடையாளங்களை இடுவது என்பதிலும் முதலியாரின் யோசனை உதவியது. சுப்பராமர் தம் நூலில் அவரை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

இதைச் சொல்லி முடித்தபோது நாங்கள் மணலியில் ஒரு தேநீர்க் கடையின் முன் நின்றிருந்தோம். முதலியார்களின் பழைய மாளிகையைக் காட்டக்கூடியவர் எவரும் எங்களுக்கு அகப்படவில்லை, கடைக்காரர் கேட்டதெல்லாம் "எந்த கம்பெனிக்குப் போகணும்?" என்பதே. ஆர்மோனியக்காரர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, "பாடினவர் கஷ்டம் பாட்டுல தெரியாமப் போகலாம் சாமி. எழுதி வைச்சவர் கஷ்டம் இருக்கே, அது இல்லைன்னா பாட்டே இல்லையே" என்றார்.

நாம் கூற நினைத்த தீர்ப்பை அவரே வேறு வழியில் கூறிவிட்டார். தீட்சிதரின் பசியை யதுகுலகாம்போதியில் கேட்கிறோமா என்பது கடைசிவரை வாதத்துக்கு உரியது. ஆனால் அந்தக் கீர்த்தனை இந்தச் சுரத்தில் நின்று இந்தச் சுரத்துக்கு வழுக்குகிறது என்று ஓர் இளம் பெண் இன்று ஐயமின்றிப் பாடுகிறாளே, அந்த நிச்சயத்துக்கு ஒருவர் தம் கண்களை விலையாகக் கொடுத்திருக்கிறார். இது கதையன்று, கணக்கு. சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாளையும் (1867–1938) இங்கே நினைக்கத் தோன்றுகிறது. தீட்சிதர் பாடல்களை வழிவழியாகப் பெற்றுக் காத்த அந்த அம்மையாரும் முதுமையில் பார்வை இழந்தவர். பணமுடை அவரை விட்டதில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை கேட்கப் பெரிய வித்துவான்கள் அமைதியாய் அமர்ந்திருப்பார்களாம். கிராமபோன் தட்டுகளில் எஞ்சியிருக்கும் அவருடைய வீணையொலி மிக மெல்லியது. முதன்முறை கேட்பவர் ஒலிப்பெருக்கியின் திருகை முறுக்குவார். அவர் யாரென்று அறிந்தவரோ மின்விசிறியை நிறுத்திவிட்டு அருகே வந்து அமர்வார். தட்டிலிருந்து வரும் ஒலி இருவருக்கும் ஒன்றே. கேட்கும் செவி மட்டுமே வேறுபடுகிறது. கலைஞனின் துன்பத்தை அறிவதால் விளையும் பயன் அவ்வளவுதான் என்று நாம் எண்ணுகிறோம்; அது சிறிய பயனன்று.

மாதவரம் திரும்பும் வழியில் லாரிகளின் வரிசை நகரவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓரிடத்திலேயே நின்றோம். உபதேசியார் உறங்கிவிட்டார். ஆர்மோனியக்காரர் தம் கைப்பேசியில் நோட்டுஸ்வரம் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் சுரங்களைத் துண்டுத்தாளில் எழுதத் தொடங்கினார். மூன்றாம் வரியில் ஒரு சுரம் அவருக்குப் பிடிபடவில்லை. மீண்டும் மீண்டும் ஓட்டிக் கேட்டு, எழுதி, அடித்து, எழுதினார்.